மாதத்தில் ஒரு ஞாயிறு காலை: சிங்கப்பூர்த் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஆண்டு முழுவதும் நீங்கள் நடத்தும் நிகழ்ச்சிகளுக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களில் நானும் ஒருத்தி. பொங்கல் விழா, பட்டிமன்றம், கவியரங்கம், பிள்ளைகளுக்கான பேச்சுப் போட்டி என்று, வேலைக்காக இந்த ஊருக்கு வந்து சேர்ந்த எங்களைப் போன்றவர்களுக்கு நீங்கள் செய்து தருவது சின்ன உதவி இல்லை. அலுவலகம் விட்டு வந்த பிறகு இரவில் உட்கார்ந்து மண்டபம் பிடிப்பதும், ஒலிபெருக்கிக்கு ஆள் பார்ப்பதும், சாப்பாட்டுக்குச் சொல்லி வைப்பதும் எவ்வளவு அலைச்சல் என்று தெரியும். அந்த மரியாதையோடுதான் ஒரு கோரிக்கை வைக்கிறேன். மாதத்தில் ஒரு ஞாயிறு காலை நிகழ்ச்சியை மண்டபத்துக்கு வெளியே நடத்துங்கள். தமிழ் பேசிக்கொண்டே எல்லோரும் சேர்ந்து போகிற நடை. இந்தத் தீவின் காடு, சதுப்புநிலம், கடலோரம், ஆற்றங்கரை என மாதத்துக்கு ஓரிடம்.

ஏன் கேட்கிறேன் என்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

இங்கே வேலைக்கு வந்திருக்கும் நம் குடும்பங்களின் வாரம் எப்படிப் போகிறது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஐந்து நாள் எம்ஆர்டி ரயில், அலுவலகம், பள்ளி, டியூஷன். சனிக்கிழமை துணி, வீடு, பிள்ளைகளின் வகுப்புகள். ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவின் தேக்காவுக்குப் போய்க் காய்கறி வாங்கி, கோவிலுக்குப் போய், வெயில் ஏறியதும் ஏதாவது ஒரு பேரங்காடியின் குளிர்சாதனத்துக்குள் ஒதுங்கிவிடுகிறோம். ஊரிலிருந்து யாராவது வந்தால் செந்தோசா, மெரினா பே, விலங்குத் தோட்டம். இந்த வட்டத்திலேயே பல வருடங்கள் ஓடிவிடுகின்றன. சட்டப்படி காக்கப்படும் இயற்கை வனப்பகுதிகள் இந்தத் தீவில் நான்கு இருக்கின்றன: புக்கிட் தீமா, மத்திய நீர்ப்பிடிப்புப் பகுதி, சுங்கை பூலோ, லாப்ரடோர். பத்து வருடம் இங்கே வாழ்ந்துவிட்டு இந்த நான்கில் ஒன்றைக்கூடப் பார்க்காமல் ஊர் திரும்பிய குடும்பங்களை எனக்கு நேரில் தெரியும். எல்லாமே பேருந்து தூரத்தில் இருப்பவை, நுழைவுக் கட்டணமும் கிடையாது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது, நம்மைப் பார்க்க வரும் பெற்றோரின் நிலை. பேரப்பிள்ளைகளைப் பார்க்கும் ஆசையில் வருகிறார்கள். முதல் வாரம் ஊர் சுற்றிக் காட்டுகிறோம். பிறகு நாம் வேலைக்குப் போய்விடுகிறோம், பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். பத்தாவது மாடியிலோ பன்னிரண்டாவது மாடியிலோ, கதவைச் சாத்திக்கொண்டு தொலைக்காட்சி முன்னால் அவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். மின்தூக்கியில் யாராவது ஏதாவது கேட்டால் என்ன சொல்வது என்ற தயக்கத்திலேயே கீழே இறங்காதவர்கள் உண்டு. வயலும் தோப்புமாக வாழ்ந்த மனிதர்கள் அவர்கள். உங்கள் விழாக்களுக்கு அழைத்து வருகிறோம். அங்கும் நாற்காலியில் உட்கார்ந்து மேடையைப் பார்ப்பதோடு சரி. அவர்கள் வாய் திறந்து பேச, அவர்களுக்குத் தெரிந்ததை நாலு பேர் கேட்க, நம்மிடம் ஓர் இடம் இல்லை.

என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிதம்பரம் பக்கம் வளர்ந்தவர். அதிகம் பேசாத மனிதர். இங்கே வந்தபின் இன்னும் குறைவாகப் பேசினார். ஒரு ஞாயிறு காலை அவரைச் சுங்கை பூலோவுக்குக் கூட்டிப்போனேன். கிராஞ்சி எம்ஆர்டியில் இறங்கிப் பேருந்தில் ஏறினால் வாசலுக்குப் பக்கத்திலேயே இறங்கிக்கொள்ளலாம். உள்ளே சேற்றின் மேல் பலகைப் பாதை போட்டிருப்பார்கள். இரண்டு பக்கமும் கண்டல் மரங்கள், பந்தக்கால் ஊன்றியதுபோல வேர்களை ஊன்றி நிற்கும். தண்ணீர் வடிந்த நேரம். சேற்றின் மேல் விரல் நீள மீன்கள் தாவிக்கொண்டிருந்தன. அப்பா ஓரிடத்தில் நின்றுவிட்டார். தலைக்கு மேல் ஒரு கிளையை அண்ணாந்து பார்த்தார். பச்சை இலைகளுக்கு நடுவே உதிரப்போகும் இலைகள் மட்டும் செக்கச்செவேலென்று இருந்தன. "இது தில்லைடா" என்றார். பக்கத்தில் வந்த என் மகன் கையை நீட்டினான். சட்டென்று அவன் மணிக்கட்டைப் பிடித்தார். "ஒடிக்காதே. பால் தெறிச்சுக் கண்ணுல பட்டா பார்வையே போயிடும்." பிச்சாவரத்துப் படகுகள், தில்லைவனம், ஊருக்கே அந்த மரத்தின் பெயர் வந்த கதை என்று அதற்குப் பிறகு அவர் பேசிக்கொண்டே நடந்தார். எங்களுக்குப் பின்னால் வந்த ஒரு தமிழ்க் குடும்பமும் நடையைக் குறைத்துக்கொண்டு கேட்டபடியே வந்தது. அந்த வீட்டுப் பெண் குழந்தை அடுத்த மரத்தைக் காட்டி, "தாத்தா, இது?" என்று கேட்டாள்.

அந்தக் குழந்தை அவரைக் கேட்டாளே, அதைத்தான் நீங்கள் நடத்தித் தர வேண்டும் என்று கேட்கிறேன்.

இந்த ஊரின் மரங்களில் எத்தனை நம் பெரியவர்களுக்குத் தெரிந்தவை என்று எண்ணிப் பாருங்கள். விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் சாலையில் இருபுறமும் குடை பிடித்து நிற்பவை தூங்குமூஞ்சி மரங்கள். ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் புன்னை, நாட்டு வாதுமை. கடலோரங்களில் பூவரசு, தாழை. அடுக்குமாடி புளோக்குகளுக்கு இடையே ஆல், அரசு, நாவல். விடியும் முன்னே ஜன்னலுக்கு வெளியே கூவி எழுப்புவது நம் குயில்தான். பூங்காக்களில் மஞ்சளாகப் பறந்து மறைவது மாங்குயில் இனம். கால்வாய் ஓரத்தில் வெண்மார்பு மீன்கொத்தி. இவற்றோடு, இந்தப் பகுதிக்கே உரிய காட்டு மரங்களும், மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கொலுகோ என்ற சிறு விலங்கும், இங்கே நூறுக்கும் குறைவாகவே எஞ்சியிருக்கும் பட்டைக் கருமந்தி என்ற குரங்கும் உண்டு. தெரிந்ததிலிருந்து தொடங்கித் தெரியாததற்குப் போவது பிள்ளைகளுக்கும் எளிது, பெரியவர்களுக்கும் எளிது.

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சுங்கை பூலோவுக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. பவளக்காலி என்று நம் ஊர்க்காரர்கள் சொல்லும் சிவப்புக்கால் உள்ளான் கோடியக்கரைக்கும் வரும், இங்கேயும் வரும். சைபீரியப் பனிவெளியில் குஞ்சு பொரித்துவிட்டு இந்தச் சேற்றில் இரை தேட வரும், கோட்டான் எனப்படும் வளைந்த அலகுக் கரைப்பறவைகளும் உப்புக்கொத்திகளும் உண்டு. விவசாயத் தொழில்நுட்பப் பூங்கா ஆகியிருக்க வேண்டிய நிலம் அது. 1986-இல் பறவை ஆர்வலர்கள் சிலர் அதன் அருமையைக் கண்டு, காப்பாற்றும்படி அரசைக் கேட்டார்கள். 1993-இல் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள், 2002-இல் காப்புப் பகுதியாக அறிவித்தார்கள். சாதாரண மக்கள் காலையில் நடக்கப் போனதில் தொடங்கிய காரியம் அது. உபின் தீவின் செக் ஜாவா கடலோரமும் இப்படித்தான் தப்பியது. மண் கொட்டி மேடாக்கப்பட இருந்த அந்த இடத்தை மக்கள் போய்ப் பார்த்தார்கள், எழுதினார்கள், பேசினார்கள். 2001 இறுதியில் அந்தத் திட்டம் தள்ளிவைக்கப்பட்டது. இன்று அங்கே கடலின் மேலும் கண்டல் காட்டின் ஊடேயுமாக ஒரு கிலோமீட்டருக்கு மேல் பலகைப் பாதை இருக்கிறது.

நம் பிள்ளைகளுக்குத் தமிழர் வரலாறு சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நீங்கள் அடிக்கடி சொல்கிறீர்கள். அதற்கும் நடந்து போக இடங்கள் இருக்கின்றன. 1859-இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்கா 2015-இல் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்ந்தது. திருமணப் படம் எடுக்கவும் பாய் விரித்துச் சாப்பிடவும் நாம் போகிற அதே பூங்காவில்தான் 1877-இல் ரப்பர் நாற்றுகள் வந்து இறங்கின. 1888-இல் பூங்காவின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையை அங்கேதான் வகுத்தார். அந்தப் பாலுக்காக மலாயாவில் தோட்டங்கள் பெருகின. அந்தத் தோட்டங்களுக்காகக் கப்பல் கப்பலாகத் தமிழர்கள் வந்தார்கள். நம்மில் பலர் வீட்டில் "மலாயாவுக்குப் போன தாத்தா" ஒருவர் இருப்பார். அவர் ஏன் போனார் என்று பிள்ளை கேட்டால், அந்தப் பூங்காவில் நின்றுகொண்டு பதில் சொல்வதற்கும் வகுப்பறையில் சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

பழைய ரயில் பாதையும் அப்படித்தான். தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை மலேசிய ரயில் ஓடிய அந்தத் தடத்தில் 2011 ஜூன் 30 அன்று கடைசி வண்டி போனது. தண்டவாளம் அகற்றப்பட்டு, இன்று 24 கிலோமீட்டர் நீளப் பசுமைப் பாதையாக இருக்கிறது. குவீன்ஸ்டவுனில் உள்ள முனீஸ்வரன் கோவில், தண்டவாளத்தின் ஓரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் கும்பிட்ட சிறு சன்னிதியிலிருந்து வளர்ந்தது. கோவிலுக்குப் போகிறோம், அந்தப் பாதையில் நடந்ததில்லை. ஒரு ஞாயிறு இரண்டையும் சேர்த்துவிடலாம்.

இனி, நான் மிகவும் தயங்கி, ஆனால் கட்டாயம் சொல்ல நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இந்த நடைகளுக்கு விடுதிகளில் தங்கி வேலை செய்யும் நம் தம்பிகளையும் அழையுங்கள். கிராஞ்சி, சுங்கை காடுட், உட்லண்ட்ஸ் பக்கம் தொழிலாளர் விடுதிகள் பல இருக்கின்றன. சுங்கை பூலோ அங்கிருந்து மிகப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் கிடைத்தால் அவர்கள் தேக்காவுக்கு வந்து, பணம் அனுப்பி, நண்பர்களைப் பார்த்து, புல்வெளியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்புகிறார்கள். 2020 ஏப்ரலில் விடுதிகள் அடைக்கப்பட்ட பிறகு, வெளியே காலெடுத்து வைக்க அனுமதி கேட்க வேண்டிய நிலை நெடுங்காலம் நீடித்தது. அந்த நாள்களில் நாம் எல்லோரும் பூங்காக்களில் நடந்துகொண்டுதான் இருந்தோம். அந்தப் பூங்காக்களின் புல்லை வெட்டி, கிளையைக் கழித்து, இலையைக் கூட்டி வைப்பவர்களில் நம் ஊர் ஆள்கள் எத்தனையோ பேர்.

பீஷான் பூங்காவில் நீர்நாய் பார்க்கப் பிள்ளைகளோடு போவேன். முன்பு கான்கிரீட் கால்வாயாக நேர்க்கோட்டில் ஓடிய காலாங் ஆறு, 2012-இல் அங்கே கரைகளெல்லாம் புல்லும் கல்லுமாக, வளைந்து ஓடும் ஆறாக மாற்றப்பட்டது. நீர்நாய்கள் வந்து சேர்ந்தன. நம் காவிரியில் இருக்கும் அதே இனம்தான் இவையும். ஒரு காலை வெகுநேரம் காத்திருந்தும் ஒன்றும் கண்ணில் படவில்லை. புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டியிருந்த ஒரு தம்பி, எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு வந்தார். "இங்க வராதுக்கா. பாலத்துக்கு அந்தப் பக்கம் மணல் திட்டு இருக்குல்ல, குளிச்சிட்டு அங்கதான் புரளும். ஏழரைக்கு வந்துடும்" என்றார். அவர் சொன்ன இடத்துக்குப் போனோம். முதலில் கீச்சென்று சத்தம், பிறகு தண்ணீரில் வரிசையாகத் தலைகள், பிறகு ஒரு குடும்பமே கரையேறி மணலில் முதுகைத் தேய்த்தது. ஒரு குட்டி மீனின் தலையைக் கடித்துக்கொண்டிருந்த சத்தம் நாங்கள் நின்ற இடம் வரை கேட்டது. அந்தத் தம்பி தினமும் பார்க்கிறார். அவருக்குத் தெரிந்த அளவு அந்த ஆற்றைப் பற்றி எனக்குத் தெரியாது. அவரைப் போன்றவர்கள் நம்மோடு நடந்தால் நமக்குத்தான் லாபம்.

ஒரே ஒரு வேண்டுகோள்: அவர்களை அழைத்தால் உறவினரை அழைப்பதுபோல அழையுங்கள். பதாகை பிடித்துப் படம் எடுப்பது, இலவசப் பை கொடுத்து வரிசையில் நிறுத்துவது எதுவும் வேண்டாம். ஞாயிறன்றுகூட வேலைக்குப் போகிறவர்கள் உண்டு என்பதால் இரண்டு வாரம் முன்பே தேதியைச் சொல்லிவிட வேண்டும். பேருந்துச் செலவை அமைப்பு ஏற்றுக்கொள்ளலாம். காலைச் சாப்பாட்டைக் குடும்பங்கள் பகிர்ந்து கொண்டு வரலாம்.

நடத்துவது எப்படி என்றால், இந்த ஊரின் வானிலையை அனுசரித்துத்தான் எல்லாவற்றையும் வைக்க வேண்டும். இங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான். ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடித்துவிட்டால் வெயிலுக்குத் தப்பலாம். பத்து மணிக்கு மேல் புழுக்கம் பெரியவர்களை வாட்டிவிடும். நடு ஆண்டில் விடியற்காலையில் சுமத்ராவிலிருந்து திடீரென்று காற்றும் மழையும் அடித்துக்கொண்டு வரும். டிசம்பர், ஜனவரியில் விட்டுவிட்டுப் பெய்யும். தூறலுக்குக் குடை போதும். இடி கேட்டால் யோசிக்கவே கூடாது, நடையை நிறுத்திக் கூரைக்குக் கீழே போய்விட வேண்டும். இதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவைத்தால் பிறகு மனவருத்தம் வராது. கொசு மருந்து, தண்ணீர், மாற்றுச் சட்டை, வழுக்காத செருப்பு. சேலை கட்டிக்கொண்டு வரும் அம்மாக்களுக்கும் இது போதும்.

இடத்தை ஆளுக்கேற்பத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் அதிகம் தேவை. மெக்ரிட்சி தொங்குபாலம் புகழ்பெற்றது. 250 மீட்டர் நீளம், மரத் தலைகளின் மேல் நடப்பது பெரிய அனுபவம். ஆனால் நீர்த்தேக்கப் பூங்காவிலிருந்து அங்கே போய்வர ஏறக்குறைய 10 கிலோமீட்டர் ஆகிவிடும், பாலத்தைத் தாண்டிப் படிகளும் நிறைய. முழங்கால் வலிக்காரர்களை அங்கே கூட்டிப்போகக் கூடாது. புக்கிட் தீமா உச்சி 163 மீட்டர்தான் என்றாலும் ஏற்றம் செங்குத்து. அந்த இரண்டையும் இளைஞர்களுக்கு வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்குத் தாவரவியல் பூங்கா, சுங்கை பூலோ பலகைப் பாதை, பீஷான் ஆற்றங்கரை. தெலுக் பிளாங்கா குன்றின் காட்டுக்கு மேலே போகும் இரும்புப் பாதை மெல்லச் சரிந்து ஏறுவதால் சக்கர நாற்காலியும் போகும். உபின் தீவுக்குப் பன்னிரண்டு பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். அதை ஆண்டுக்கு ஒருமுறை முழுநாள் பயணமாக வைக்கலாம்.

நம் பழக்கங்கள் சிலவற்றை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். இதை நான் வெளிப்படையாகச் சொல்வதற்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள். குரங்குக்குப் பழம் கொடுப்பது நமக்குப் புண்ணியமாகத் தோன்றும். இங்கே 2020 முதல் நடப்பில் உள்ள வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். முதல் முறைக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) வரை அபராதம் விதிக்கலாம். சட்டத்தை விடுங்கள், கையில் வாங்கித் தின்னப் பழகிய குரங்கு அடுத்து வரும் குழந்தையின் பையைப் பிடுங்குகிறது, கடைசியில் தண்டனை அந்தக் குரங்குக்குத்தான். ஞெகிழிப் பை கையில் தொங்கினாலே அவை வந்துவிடும் என்பதால் சாப்பாட்டை முதுகுப்பைக்குள் வையுங்கள். கைப்பேசியில் சத்தமாகப் பாட்டு வேண்டாம். ஒலிபெருக்கி அறவே வேண்டாம். இருபது பேருக்கு மேல் ஒரே குழுவாகப் போக வேண்டாம்; அதிகம் பேர் வந்தால் இரண்டாகப் பிரித்துவிடலாம். சுங்கை பூலோவில் உவர்நீர் முதலைகள் இருக்கின்றன. பாதையை விட்டு இறங்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்.

வழிகாட்ட ஆளில்லை என்று நீங்கள் சொல்லலாம். தேசியப் பூங்காக் கழகத்தில் தொண்டூழியர்களுக்கு இடம் உண்டு. நம் அமைப்புகளிலிருந்து நாலைந்து பேர் முறையாகக் கற்றுக்கொண்டு வந்தால் இரண்டு மூன்று மாதத்தில் நம்மிடமே தமிழில் சொல்லக்கூடியவர்கள் இருப்பார்கள். அதுவரை பெரியவர்களின் வாய்மொழி போதும். தமிழாசிரியர்களும் வந்தால் நல்லது. வீட்டுக்குள் மட்டும் புழங்கும் தமிழில் சேறும் சிறகும் வேரும் பட்டையும் வருவதில்லை. பிள்ளைகள் தாங்களாகக் கேள்வி கேட்கும்போதுதான் அந்தச் சொற்கள் அவர்களிடம் தங்குகின்றன. தேர்வுக்காகக் கொடுக்கும் சொற்பட்டியலால் அது நடப்பதில்லை.

செலவுக் கணக்கும் பெரிதில்லை. மண்டப வாடகை கிடையாது, மேடை கிடையாது, பொன்னாடை கிடையாது. சிறப்பு விருந்தினர் தேதிக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை. ஒருவர் பெயர்ப் பட்டியல் வைத்திருக்க வேண்டும், ஒருவர் முன்னால் நடக்க வேண்டும், ஒருவர் கடைசியில் வர வேண்டும், முதலுதவி தெரிந்தவர் ஒருவர் கூட இருக்க வேண்டும்.

என் யோசனை இது. முதல் நடையை வரும் அக்டோபரின் இரண்டாவது ஞாயிறு சுங்கை பூலோவில் வைப்போம். பறவைகள் வந்திருக்கும், தொடர்மழை தொடங்கியிருக்காது. கிராஞ்சி எம்ஆர்டியில் காலை ஏழு மணிக்குக் கூடலாம், விடுதித் தம்பிகளுக்கும் அது வசதி. நவம்பரில் தாவரவியல் பூங்கா, ரப்பர் மரத்தடியில் மலாயாத் தோட்டக் கதைகள். பெயர்ப் பட்டியலையும் பேருந்து ஏற்பாட்டையும் நான் பார்த்துக்கொள்கிறேன். என்னோடு இன்னும் மூன்று குடும்பங்கள் உதவத் தயாராக இருக்கின்றன. உங்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, தேதிக்கு ஒப்புதல் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரின் பெயர்களையும் அவர்கள் திரும்பிப் போகும் தேதிகளையும் உறுப்பினர்களிடம் இப்போதே கேட்டு வாங்கத் தொடங்கினால், அவர்கள் விமானம் ஏறுவதற்குள் ஒரு நடையாவது வாய்க்கும்.

அன்புடன்,
உங்கள் உறுப்பினர்களில் ஒருத்தி